தாமஸ் ஹாட்ஜ்கின்

தாமஸ் ஹாட்ஜ்கின் (ஆகஸ்ட் 17, 1798 – ஏப்ரல் 4, 1866) ஓர் ஆங்கிலேய மருத்துவரும் நோயியல் அறிஞரும் சமூகச் சீர்திருத்தவாதியும் ஆவார். நிணநீர் மண்டலத்தில் தோன்றும் புற்றுநோய்களுள் ஒன்று இவர் பெயரால் ஹாட்ஜ்கின் நோய் அல்லது ஹாட்ஜ்கின் லிம்போமா என அழைக்கப்படுகிறது. இந்நோயை இவர் விவரித்தது 1832-இல்; அதற்கு இவர் பெயர் இடப்பட்டது 1865-இல்.

பிறப்பும் கல்வியும்

லண்டனின் பென்டன்வில் பகுதியில், குவேக்கர் சமயப் பிரிவைச் சேர்ந்த குடும்பமொன்றில் பிறந்தார். எளிய உடை, போர் மறுப்பு, அடிமை முறை எதிர்ப்பு ஆகியன அப்பிரிவினரின் கொள்கைகள். இவர் அவற்றை இறுதிவரை கைவிடவில்லை. லண்டன் கைஸ் மருத்துவமனையிலும் எடின்பரோ பல்கலைக்கழகத்திலும் பயின்று 1823-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். இடையில் பாரிஸ் சென்று, ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டுபிடித்த ரெனே லென்னெக்கிடம் அதன் பயன்பாட்டைக் கற்றார். அக்கருவியை இங்கிலாந்தில் பரப்பிய முன்னோடிகளுள் இவரும் ஒருவர்.

கைஸ் மருத்துவமனையில்

படிப்பை முடித்தபின் கைஸ் மருத்துவமனையில் நோய்க்கூற்றியல் விரிவுரையாளராகவும் அருங்காட்சியகக் காப்பாளராகவும் பணியாற்றினார். பிரேதப் பரிசோதனைகளைச் செய்வதும், நோயுற்ற உறுப்புகளைப் பதப்படுத்தி வகைப்படுத்துவதும் இவர் பணி. ரிச்சர்ட் பிரைட், தாமஸ் அடிசன் ஆகியோரும் அப்போது அங்கேயே பணியாற்றினர். மூவர் பெயராலும் நோய்கள் வழங்கலாயின. அவற்றுள் பிரைட் நோய் என்னும் பெயர் பின்னர் வழக்கொழிந்தது.

1827-இல் ஜோசப் ஜாக்சன் லிஸ்டருடன் இணைந்து, அவர் மேம்படுத்திய நுண்ணோக்கியால் குருதியை ஆராய்ந்தார். செங்குருதியணு உருண்டையானது அன்று, இருபுறமும் குழிந்த தட்டு வடிவினது என இருவரும் எடுத்துரைத்தனர்.

1832 சனவரியில், நிணநீர்க்கணுக்களும் மண்ணீரலும் வீங்கி இறந்த 7 நோயாளிகளைப் பற்றிய இவரது கட்டுரை லண்டன் மருத்துவ, அறுவைச் சங்கத்தில் வாசிக்கப்பட்டது. இவர் உறுப்பினர் அல்லாததால் சங்கச் செயலரே அதனை வாசித்தார். வேறிடத்து அழற்சியால் கணுக்கள் வீங்கவில்லை, கணுக்களிலேயே நோய் தொடங்குகிறது என்பதே அதன் சாரம். இம்முடிவுக்கு இவர் நுண்ணோக்கியின் துணையின்றி, வெறுங்கண்ணால் பார்த்தே வந்தார் என்பது குறிப்பிடத்தக்கது. எனினும் கட்டுரை அக்காலத்தில் பெரிதாகக் கவனிக்கப்படவில்லை.

பதவி மறுப்பு

1837-இல் உதவி மருத்துவர் பதவிக்கு விண்ணப்பித்தார். தகுதி இருந்தும் இவருக்கு அது கிடைக்கவில்லை. மருத்துவமனையின் பொருளாளரும் அதிகாரம் மிக்கவருமான பெஞ்சமின் ஹாரிசன், வட அமெரிக்காவில் வணிகம் செய்த ஹட்சன் விரிகுடா நிறுவனத்தின் நிர்வாகத்திலும் இருந்தார். அங்குள்ள பழங்குடிகளை அந்நிறுவனம் நடத்திய முறையை ஹாட்ஜ்கின் கண்டித்து வந்தார். பதவி மறுக்கப்பட்டதற்கு இதுவே முதன்மைக் காரணம் எனப் பலரும் கருதுகின்றனர். அவர் மருத்துவமனையை விட்டு விலகினார். நோயியலில் இவரது ஆக்கமிக்க காலம் அத்துடன் முடிந்தது.

பிற்காலம்

அதே 1837-இல் பழங்குடிகள் பாதுகாப்புச் சங்கம் தோன்றுவதற்கு முன்னின்றவர்களுள் இவர் ஒருவர். விடுதலை பெற்ற கறுப்பின மக்களை ஆப்பிரிக்காவில் குடியேற்றும் லைபீரியத் திட்டத்தையும் ஆதரித்தார். அடிமை ஒழிப்பாளர் பலர் இத்திட்டத்தை எதிர்த்ததால், இதில் இவர் தம் நண்பர்களுடனேயே முரண்பட நேர்ந்தது.

இளமையில் நெருங்கிய உறவுப் பெண்ணை மணக்க விரும்பினார். குவேக்கர் விதிகள் அதனைத் தடுத்தன. 1850-இல்தான் திருமணம் செய்துகொண்டார். யூத வள்ளலான மோசஸ் மான்டிஃபியோருக்கு நண்பராகவும் மருத்துவராகவும் விளங்கி, அவருடன் பல நாடுகளுக்குச் சென்றார். அத்தகைய பயணம் ஒன்றில், 1866-இல் யாஃபா நகரில் நோயுற்று இறந்து அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். அவர் கல்லறையில் மான்டிஃபியோர் நினைவுத்தூண் எழுப்பினார்.

நோயின் பெயர்

கைஸ் மருத்துவமனையைச் சேர்ந்த சாமுவேல் வில்க்ஸ் இதே நோயைத் தாமாகவே ஆராய்ந்து, தமக்கு முன்பே ஹாட்ஜ்கின் அதனை விவரித்திருப்பதை அறிந்தார். தாமே உரிமை கோராமல் 1865-இல் அதற்கு ஹாட்ஜ்கின் பெயரையே வழங்கினார். இவரை ஏற்காத மருத்துவமனையிலிருந்தே இவர் பெயர் நிலைபெற்றது.

1898-இல் கார்ல் ஸ்டெர்ன்பெர்க்கும் 1902-இல் டோரதி ரீடும் இந்நோய்க்குரிய பெரிய உயிரணுக்களை விவரித்தனர். 1926-இல் கைஸ் அருங்காட்சியகத்தில் எஞ்சியிருந்த மூல மாதிரிகள் நுண்ணோக்கியால் ஆராயப்பட்டபோது, ஹாட்ஜ்கின் கண்டவற்றுள் சில இந்நோயே என உறுதியாயிற்று, எல்லாம் அல்ல. ஏனைய நிணநீர்ப் புற்றுநோய்கள் ஹாட்ஜ்கின் அல்லாத லிம்போமா எனப்படுவதால், இவர் விவரிக்காத நோய்களும் இவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன.