வழி புலப்படாத வயதில் ஐயரவர்கள்

அட்டப்பாடி மலைச்சாரலில், அகளியில் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் ஆண்டுதோறும் கோடையில் ஒரு கேள்வி எழுகின்றது. பள்ளிப் படிப்பை முடித்த பிள்ளையை எங்கே அனுப்புவது? மண்ணார்க்காட்டுக்கா, ஆனைகட்டி வழியே கோயம்புத்தூருக்கா? தமிழை எடுத்துப் படித்தால் பிழைப்புக்கு வழி உண்டா? பெற்றோர் கலங்குகின்றனர், பிள்ளைகளோ அவர்களினும் மிகுதியாகக் கலங்குகின்றனர். இக்கலக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. தமிழ்த் தாத்தா என்று நாடு போற்றும் டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்களும் இதனைக் கடந்து வந்தவரே. ஆதலின் அவர்தம் இளமை வரலாற்றை இம்மலரில் நினைவுகூர விழைகின்றோம்.

ஐயரவர்கள் 1855 பிப்ரவரி 19 இல் பிறந்தார்; தஞ்சைச் சீமையிலுள்ள உத்தமதானபுரம் அவர்தம் ஊர். தந்தையார் வேங்கடசுப்பையர் சங்கீத வித்துவான். இராம கதை பாடிப் பெறும் சன்மானமே குடும்பத்தின் வருவாய். ஆதரிப்பார் உள்ள ஊரே அவர்கட்கு ஊர். அரியலூர், குன்னம் முதலிய இடங்களில் மாறி மாறிக் குடியிருந்தனர். மகன் சங்கீதத்தில் வல்லவனாக வேண்டுமென்பது தந்தையாரின் விருப்பம். ஆங்கிலமே நன்று என்றார் சிலர். வடமொழியே நன்று என்றார் வேறு சிலர். மகன் மனமோ தமிழையே நாடியது.

1871 இல், தம் 17 ஆம் பிராயத்தில், மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களை அடைந்தார். பாதியில் விட்டுச் சென்ற மாணாக்கர் பலரைக் கண்டிருந்த பிள்ளையவர்கள் முதலில் தயங்கினார். வறுமையிலும் தந்தையார் உணவுச் செலவைத் தாமே ஏற்று, மகனை அவரிடம் ஒப்புவித்தார். தம் கலையிலேயே மகன் வளர வேண்டுமென்ற ஆசையை அடக்கிக்கொண்ட அப்பெருந்தன்மையை எண்ணி எண்ணி வியக்கின்றோம்.

ஐந்தாண்டுகள் சென்றன. 1876 பிப்ரவரி 1 இல் ஆசிரியர் மறைந்தார். ஐயரவர்களுக்கு அப்போது 21 வயதுகூட நிறையவில்லை. மணமாகிவிட்டது, பெற்றோரைத் தாங்கும் கடமையும் இருந்தது. கையிலே சர்க்கார்ப் பரீட்சைச் சான்று ஒன்றேனும் இல்லை. கற்ற தமிழ் எங்கே கொண்டு சேர்க்கும் என்பதை அவர் அறியார். ஆயினும் கற்பதை விட்டாரல்லர். திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் ஆதரவில் மேலும் பாடங் கேட்டார்; இளைய மாணாக்கர்க்குப் பாடஞ் சொன்னார். இவ்வாறு நான்கு ஆண்டுகள் கழிந்தன.

1880 இல் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் தியாகராச செட்டியார் உடல்நலிவால் ஓய்வு பெற விரும்பினார். அவரும் பிள்ளையவர்களின் மாணாக்கர். தம் இடத்துக்கு ஐயரவர்களே தக்கவர் என முயன்று அமர்த்தினார். அவ்வாண்டு பிப்ரவரியில் மாதம் 50 ரூபாய்ச் சம்பளத்தில் வேலை கிட்டியது. அப்போது வயது ஏறத்தாழ 25.

வாழ்வுக்கு வழி கிடைத்தது. வாழ்வின் பணி எது என்பது அப்பொழுதும் தெரியவில்லை. அதே ஆண்டு அக்டோபரில், முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியார், சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டோ என வினவினார். ஐயரவர்கள் படித்ததில்லை. அக்குறையை உணர்ந்து அன்று தொடங்கிய உழைப்பே 1887 இல் சிந்தாமணிப் பதிப்பாயிற்று. பின்னர்ப் பத்துப்பாட்டு 1889 இலும், சிலப்பதிகாரம் 1892 இலும், புறநானூறு 1894 இலும் அவர் பதிப்பால் வெளிவந்தன. 1942 இல் மறையும் வரை ஏடுகளோடே வாழ்ந்தார்.

இளைஞர்களே! ஐயரவர்கள் முழு வழியையும் கண்டபின் புறப்பட்டவரல்லர்; அடுத்த அடியை மட்டும் தவறாது எடுத்து வைத்தார். பெரியோர்களே! அவர் தனியே நடந்தவருமல்லர். தந்தையார் விட்டுக் கொடுத்தார், ஆசிரியர் கற்பித்தார், தேசிகர் தாங்கினார், செட்டியார் இடந் தந்தார். நம் பிள்ளைகளுக்கு அந்நால்வராக நிற்பதே நம் சங்கத்தின் கடனென நாம் கருதுகின்றோம்.