நெருக்கடியில் எழுந்த குரல்

1915 மே 28ஆம் நாள் நமது கண்டி மாநகரில் மூண்ட கலகம் நாட்டின் பல பாகங்களுக்கும் பரவிற்று. முஸ்லிம் மக்கள் உயிரும் உடைமையும் இழந்தனர். அரசாங்கமோ இதனை இராசத்துரோகமெனக் கருதி, இராணுவச் சட்டம் பிரகடனஞ் செய்து, சிங்களத் தலைவர்களைச் சிறையிட்டது.

வதந்தியும் அச்சமும் பலர் வாயை அடைத்த அவ்வேளையில், 1911இல் படித்த இலங்கையரின் பிரதிநிதியாய்த் தெரிவான சேர். பொன். இராமநாதன் (1851–1930) சட்டசபையிலே ஆதாரங்களுடன் வாதிட்டார். உலக யுத்தத்தின் கடலாபத்தையும் பொருட்படுத்தாது இங்கிலாந்து சென்று முறையிட்டார். 1916இல் லண்டனில் நூலும் வெளியிட்டார். அவர் மீண்டபோது சிங்களத் தலைவர்கள் குதிரைகளை அவிழ்த்து அவரது வண்டியைத் தாமே இழுத்தனர்.

முஸ்லிம்களின் துயரை அவர் போதியவளவு எடுத்துரைக்கவில்லை என்னுங் குறையும் உண்டு. இளைஞர்காள்! அஞ்சாது உண்மை உரைத்தலை அவரிடம் கற்போம். எல்லார் துயரையும் ஒப்ப உரைத்தலை அக்குறையிலிருந்து கற்போம்.