கிண்ணங்களை உடைத்த பாபர் பாதுஷா

1483இல் ஃபர்கானாவில் பிறந்து, முகலாய அரசை நிறுவியவர் ஜஹீருத்தீன் முஹம்மது பாபர். நாற்பது வயதில் மதுவை விட்டுவிட எண்ணியிருந்தார். அந்த வயது நெருங்கியபோது முன்னிலும் அதிகமாகக் குடித்தார்.

1527இல், கான்வா போருக்குச் சற்று முன் தவ்பா செய்தார். பொன், வெள்ளிக் கிண்ணங்களை உடைத்து ஏழைகளுக்குப் பங்கிட்டார். மதுவைக் கொட்டிய இடத்தில் கிணறு வெட்டவும், அருகே தருமச் சத்திரம் கட்டவும் ஆணையிட்டார்.

ஆனால் ஆசை உடனே அடங்கவில்லை. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் மது நாட்டம் தம்மை அழும் நிலைக்குக் கொண்டுவந்ததையும், பின்னர் இறையருளால் அது தணிந்ததையும் காபூலிலிருந்த நண்பர் குவாஜா கலானுக்கு மறைக்காமல் எழுதினார். 1530இல் ஆக்ராவில் வஃபாத்தானார்.

கிண்ணம் உடைய ஒரு நொடி போதும்; பழக்கம் உடையப் பொறுமை வேண்டும். திருந்தப் போராடுவோர் மனம் தளர வேண்டாம்.