பெயரை விற்ற பாவலர்

செய்யுளொன்றைக் கற்பிக்கப் புகுமுன் அதனை ஆக்கியோன் பெயரை மாணாக்கருக்கு அறிவித்தல் என் ஆசிரியர் எனக்குக் காட்டிய நெறி. ஆக்கியோன் பெயரைப் பாயிரத்தின் முதலுறுப்பாக வைத்தனர் இலக்கணம் வகுத்தோர். அந்நெறியிலே பழகிய எனக்கு, தம் பாட்டின்மேல் தம் பெயர் வேண்டாவென விட்டுக்கொடுத்த ஒருவரின் வரலாறு ஆறாத வியப்பையும் துயரையும் தருகின்றது. அவரே ஸ்ரீபன் பொஸ்ரர்.

அமெரிக்காவிலே பிற்ஸ்பேர்க் நகரை அடுத்த லோரன்ஸ்வில் என்னும் ஊரில் 1826ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் அவர் பிறந்தார். அந்நாடு சுதந்திரப் பிரகடனஞ் செய்து 50 ஆண்டு நிறைவெய்திய நாளும் அதுவே. இளமையிற் சின்சினாற்றி நகரிலே தமையனாரின் வணிக நிலையத்திற் கணக்கெழுதினார். கை கணக்கேட்டில் இருப்பினும் கருத்து இசையிலேயே இருந்தது. 1848இல் அவருடைய ‘ஓ சூசானா’ அச்சேறியது. அடுத்த ஆண்டிலே பொன் தேடிக் கலிபோர்னியாவுக்குப் புறப்பட்டோர் அதனைப் பாடிக்கொண்டே வழிநடந்தனர். வெளியிட்டோர் பெரும்பொருள் ஈட்டினர். பொஸ்ரர் பெற்றது 100 டொலர் என்பர். ஆயினும், பாட்டெழுதியே பிழைத்தல் கூடுமென்று அவர் துணிந்தார். அத்துணிவு அந்நாட்டிற்கே புதிது.

1851இல் ‘ஓல்ட் போக்ஸ் அட் ஹோம்’ பிறந்தது. ‘சுவானி நதி’ப் பாட்டென்றே உலகம் அதனை அழைக்கும். வீட்டைப் பிரிந்து அலைவோன் ஒருவன் பெற்றோரிருக்கும் பழைய மனையை நினைந்து ஏங்குவதே அதன் பொருள். ஓசைக்கு இசைந்த ஆற்றுப்பெயரைத் தேசப்படத்திலே தேடியெடுத்தார்; புளோரிடாவில் ஓடும் அவ்வாற்றை அவர் கண்டதேயில்லை.

அக்காலத்தில் இத்தகைய பாட்டுக்களை மேடையேற்றியோர், முகத்திற் கரிபூசிக் கறுப்பின மக்களைப் போல நடித்து நகைப்பூட்டிய வெள்ளையர். அப்பாட்டுக்களைக் கண்ணியமுடையோர் இழிவாகக் கருதினர். அப்பழி தம்மைச் சாருமென்று அஞ்சிய பொஸ்ரர், அத்தகைய குழுவொன்றின் தலைவராகிய கிறிஸ்ரி என்பாரிடம் சிறுதொகை பெற்று, பாட்டை அவர் பெயரிலேயே வெளிவரச் செய்தார். பாட்டோ நாடெங்கும் பரவியது. 1852இல் மனமாறிய பொஸ்ரர், தம் பெயரை மீட்டுத் தருமாறு கடிதமெழுதி வேண்டினார். கிறிஸ்ரி இசைந்திலர்.

விற்பனைப் பங்கு பொஸ்ரருக்கே வந்தது. எனினும் செலவு வரவை விஞ்சியது. 1857இல் தம் பாட்டுக்களின் எதிர்கால வருவாய் முழுவதையும் ஏறத்தாழ 1,900 டொலருக்கு விற்றுவிட்டார். மதுப்பழக்கம் மிகுந்தது, மனைவியும் மகளும் பிரிந்து வாழ்ந்தனர். நியூயோர்க்கில் ஏழையர் விடுதியொன்றில் நோயுற்று விழுந்து காயமடைந்தார். 1864ஆம் ஆண்டு ஜனவரி 13ஆம் நாள் பெல்வியூ மருத்துவமனையில் உயிர்நீத்தார். அப்போது வயது 37. பணப்பையில் இருந்தது 38 சதம்.

பாட்டு அவருடன் மாயவில்லை. 1879இல் பதிப்புரிமை புதுப்பிக்கப்பட்டபோதுதான் அவர் பெயர் அதன்மேல் ஏறியது. 1894இல் இசைமேதை துவோர்ஷாக் அதனைப் பெருங்குழுவுக்கு அமைத்து, கறுப்பினப் பாடகரைக் கொண்டே நியூயோர்க்கிற் பாடுவித்தார். 1935இல் புளோரிடா அதனை மாநிலப் பாட்டாக ஏற்றது. 1957இல் ரே சார்ள்ஸ் என்னும் கறுப்பினப் பாடகர் அதனைத் தம் புதுப்பாணியிற் பாடினார்.

குறையையும் கூறுதல் கடன். அடிமைத் தோட்டத்தை இனிய இல்லமாகக் காட்டியதும், கறுப்பின மக்களை இழிசொல்லாற் சுட்டியதும் அப்பாட்டின் மாசுகள். 2008இல் புளோரிடா அச்சொற்களை மாற்றியமைத்தது. பொஸ்ரர் நாணியது தம் மதிப்பைக் கருதி. நாணத்தக்கதோ பிறரை இழிவுசெய்த அச்சொல். அதனைத் திருத்திய பின்னும் இசையும் ஏக்கமும் குன்றவில்லை.

தன் பெயரிட நாணுஞ் சொல்லை எழுதாதிருத்தலும், எழுதியதற்குத் தானே பொறுப்பேற்றலும் புலவர்க்குரிய இரு கடமைகள். இவ்விரண்டிலும் தவறிய பொஸ்ரர் அதன் விலையை வாழ்நாளிலேயே செலுத்தினார். காலம் அவர் பெயரை அவருக்கே மீட்டுத் தந்தது. பெற்றுக்கொள்ள அவர்தாம் இல்லை.