சிலேட்டில் அழிந்த ஸ்டெப்கள்

கணக்குப் பேப்பர் திருத்திக் கொடுக்கும் நாளெல்லாம் நம்ம வகுப்பில் ஒரே புலம்பல்தான். விடை சரி, ஆனா ஸ்டெப் போடாததுக்கு மார்க் போச்சு! உடனே கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும், ராமானுஜன் மட்டும் ஸ்டெப் போட்டாரா என்று. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அவர் வாழ்க்கையைப் படித்த பிறகுதான் விஷயம் வேறு என்று தெரிந்தது.

சீனிவாச ராமானுஜன் பிறந்தது ஈரோட்டில், 1887 டிசம்பர் 22-ல். வளர்ந்தது கும்பகோணத்தில். அப்பா துணிக்கடைக் குமாஸ்தா, அம்மா கோமளத்தம்மாள். டவுன் உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது அவரை மடக்குவதற்காக மேல் வகுப்புக் கணக்கு ஒன்றைக் கொடுத்தார்களாம். இரண்டு எண்கள். முதல் எண்ணின் வர்க்கமூலத்தோடு இரண்டாம் எண்ணைக் கூட்டினால் 7. முதல் எண்ணோடு இரண்டாம் எண்ணின் வர்க்கமூலத்தைக் கூட்டினால் 11. எண்கள் எவை? அரை நிமிஷத்தில் 9, 4 என்று சொல்லிவிட்டாராம்.

நமக்கு அரை நிமிஷம் போதாது. பொறுமையாகப் போடுவோம். வர்க்கமூலங்களை க, ச என்று வைத்துக்கொள்வோம்.

க² + ச = 11
ச² + க = 7

கழித்தால், (க² − ச²) − (க − ச) = 4
காரணிப்படுத்தினால், (க − ச)(க + ச − 1) = 4

க, ச முழு எண்கள் என்றால் 4-ஐ 1 × 4 என்று பிரிக்கலாம். க − ச = 1, க + ச = 5. ஆகவே க = 3, ச = 2. எண்கள் 9, 4. முதல் இரண்டு வரியிலும் போட்டுப் பாருங்கள், சரியாக வரும். 2 × 2, 4 × 1 என்று பிரித்தால் என்ன ஆகிறது என்பதையும் பார்த்துவிடுங்கள்.

ராமானுஜனும் ஸ்டெப் போட்டார்! திண்ணையில் உட்கார்ந்து சிலேட்டில் போடுவார், முழங்கையால் அழிப்பார், விடையை மட்டும் நோட்டில் எழுதுவார். காகிதம் விலை அதிகம், வீட்டிலோ வறுமை. அவர் விரும்பிப் படித்த கார் என்பவரின் புத்தகத்திலும் சூத்திரங்கள்தான் வரிசையாக இருக்கும், விளக்கம் குறைவு.

கணக்கிலேயே மூழ்கியதால் மற்ற பாடங்கள் போயின. கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகை பறிபோனது. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேறவில்லை. 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா ஆனார்.

1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குத் தன் விடைகளை எழுதி அனுப்பினார். ஹார்டி அசந்துபோனார். ஆனால் அவர் கேட்டது என்ன தெரியுமா? நிரூபணம். அதாவது ஸ்டெப்! பகா எண்களைப் பற்றி ராமானுஜன் எழுதியதில் சில தவறாகவே இருந்தன. அவ்வளவு பெரிய மேதைக்கும் அது தெரியாமல் போயிருக்கிறது.

1914-ல் கப்பலேறிப் போய், ஹார்டியிடம் நிரூபணம் எழுதும் முறையைக் கற்றார். 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். உடல் நலம் கெட்டு 1919-ல் ஊர் திரும்பி, 1920 ஏப்ரல் 26-ல் காலமானார். வயது 32.

நம்ம உத்திரமேரூர் கோயில் சுவரில் குடவோலைத் தேர்தலை எப்படி நடத்த வேண்டும் என்று வரிசையாக வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆயிரம் வருஷத்துக்கும் மேலாகியும் படிக்க முடிகிறது. ராமானுஜன் நோட்டுகளிலோ மூவாயிரத்துக்கும் மேற்பட்ட விடைகள், பெரும்பாலும் வழி இல்லாமல். அந்த வழிகளை எழுதி முடிக்க அமெரிக்கப் பேராசிரியர் புரூஸ் பெர்ன்ட்டுக்கு ஐந்து பெரிய புத்தகங்கள் தேவைப்பட்டன. முதலாவது 1985-ல் வந்தது, ஐந்தாவது 1998-ல்.

உங்களுக்கு ஒரு கணக்கு: முதல் எண்ணின் வர்க்கமூலம் + இரண்டாம் எண் = 19. முதல் எண் + இரண்டாம் எண்ணின் வர்க்கமூலம் = 13. எண்கள் எவை? ஸ்டெப்போடு எழுதிக் கணக்கு சாரிடம் கொடுக்கவும். விடை மட்டும் எழுதினால் மார்க் கிடையாது.