கட்டுமரத்தைக் கற்ற அறிஞர்: ஜேம்ஸ் ஹோர்னெல்

ஓய்மா நாடு என்று பழம்பாடல் போற்றும் நம் பகுதிக்கு வயலும் காடும் மட்டும் அன்றிக் கடலும் உண்டு. இன்று திண்டிவனத்தின் ஒரு பகுதியாக விளங்கும் கிடங்கில், நல்லியக்கோடன் ஆண்ட ஊர். அவனைச் சிறுபாணாற்றுப்படையில் பாடிய இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார், பாணனை முதலில் வழிப்படுத்துவது எயிற்பட்டினத்துக்கு. அங்கே நுளையர் வீட்டுப் பெண் வடித்த கள்ளும் சுட்ட மீனும் வந்தவர்களுக்குக் கிடைக்கின்றன. அந்த எயிற்பட்டினம் மரக்காணத்தை ஒட்டிய கரையே என்பது அறிஞர் பலரின் கருத்து.

நெய்தலைப் பாடிய புலவர்கள் மீன்தொழிலைத் தொலைவில் நின்று பார்த்தவர்கள் அல்லர். சுறா எறிந்த புண் ஆறிய தந்தை மீண்டும் கடலுக்குப் போய்விட்டான், தாயோ உப்புக்கு நெல் மாற்றச் சென்றிருக்கிறாள் என்று ஒரு குறுந்தொகைப் பாட்டில் செய்தி சொல்லப்படுகிறது. பட்டினப்பாலையில் பரதவர் சுறாவின் கொம்பை மணலில் நட்டு வழிபடுகின்றனர். கொம்புடைய அச்சுறாவை நம் மீனவர் வேளா என்பர். பெருமீன் வேட்டை இந்நாட்டில் ஈராயிரம் ஆண்டுக்குக் குறையாத பழமை உடையது என்பதற்கு இவையே சான்று.

ஆயினும் அந்த வேட்டையின் கருவிகளை நாம் எழுதி வைத்தோமா? தாழையையும் புன்னையையும் நெய்தற் பூவையும் உரையாசிரியர்கள் விளக்கினார்கள். தூண்டிற் கயிற்றின் முறுக்கையும், முள்ளின் வளைவையும், மரங்களைப் பிணைக்கும் கட்டையும் விளக்கியவர் அரியர். அப்பணியை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேற்கொண்டவர் கடல்கடந்து வந்த ஒருவர். உலகப் படகு ஆய்வில் இன்றும் முதல்வரிசையில் வைத்து எண்ணப்படும் ஜேம்ஸ் ஹோர்னெல் அவர். நம் மலரின் வாசகர் பெரும்பாலோர் கவிஞர்கள் என்பதாலேயே அவர் வாழ்வை இங்கு எழுதத் தோன்றியது.

முத்துக் கரையில் தொடக்கம்

ஹோர்னெல் 1865ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் பிறந்தார். ஆங்கிலக் கால்வாயில் உள்ள ஜெர்சி தீவில், தம் மாமனார் ஜோசப் சைனலுடன் சேர்ந்து கடல் உயிரியல் நிலையம் ஒன்றை நடத்தினார். வற்றுக் காலத்தில் பாறை இடுக்குகளில் நுண்ணுயிர்களைத் தேடி எடுத்து, நுண்ணோக்கியில் பார்த்து, பார்த்ததைப் பிழையின்றி எழுதும் பழக்கம் அங்கே அவருக்கு வாய்த்தது. பின்னாளில் கட்டுமரத்தின் கட்டுகளை எண்ணியதும் அதே கண்தான்.

1902இல் பேராசிரியர் ஹெர்ட்மன் இலங்கையின் முத்துச் சலாபங்களை ஆராய வந்தபோது, உடன் வந்தவர் ஹோர்னெல். பேராசிரியர் சில திங்களில் திரும்பிவிட்டார். ஹோர்னெல் தங்கி ஆய்வைத் தொடர்ந்தார். மன்னார் வளைகுடாவின் சிப்பிப் படுகைகள் பற்றிய அறிக்கை 1903 முதல் 1906 வரை ஐந்து தொகுதிகளாக ராயல் சொசைட்டியால் வெளியிடப்பட்டது.

சென்னை மாகாணத்தில் 1907இல் மீன்வளத் துறை அமைப்பு ஒன்று உருவாயிற்று. அதன் தந்தை எனத் தக்கவர் சர் பிரெடரிக் நிக்கல்சன். அவர் கீழ்ப் பணியாற்ற 1908இல் ஹோர்னெல் தமிழகம் வந்தார். தூத்துக்குடிக் கரையில் முத்தும் சங்கும் அவர் பொறுப்பில் இருந்தன. 1914இல் இந்தியாவின் புனிதச் சங்கைப் பற்றி அவர் எழுதிய நூல் வெளிவந்தது. அதில் உயிரியலோடு வழிபாடும் வளையல் தொழிலும் பழந்தமிழ்க் கொற்கையின் பெருமையும் இடம்பெறுகின்றன. சங்கு அறுக்கும் வாளின் பல்லமைப்பும் ஊதுகொம்பின் சடங்கும் அவருக்கு ஒரே நிலையில் ஆராயத்தக்க பொருள்களாயின. 1918இல் துறையின் இயக்குநராகி, 1924இல் ஓய்வு பெற்றார்.

கருவியை ஏடாகப் படித்தவர்

அக்கால அதிகாரிகள் பலருக்குக் கட்டுமரம் நாகரிகம் அறியாதார் கட்டிய மிதவை. ஹோர்னெலின் பார்வை வேறு. சோழமண்டலக் கரையில் இயற்கைத் துறைமுகம் அரிது. ஓயாது மடியும் அலையைக் கடந்தே கடலுக்குள் செல்ல வேண்டும். பக்கப் பலகை உடைய படகில் அலை ஏறினால் நீர் நிற்கும், படகு கவிழும். கட்டுமரத்தில் ஏறிய நீர் மரங்களின் இடைவெளி வழியே வடிந்துவிடும். கரை சேர்ந்தபின் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே காய வைக்கலாம். ஆக, அது வளராத படகு அன்று. இக்கரைக்கென்றே வளர்ந்த படகு. அச்சொல்லை ஆங்கிலம் நம்மிடமிருந்தே கடன் பெற்றது.

கரைக்குக் கரை மரம் மாறுவதையும் அவர் பதிந்தார். ஆந்திரக் கரையின் வடபகுதியில் மரங்களை ஆப்பால் இணைப்பர். தமிழ்க் கரையில் கயிற்றால் பிணைப்பர். அருகே செல்ல மூன்று மரம் போதும். நாகைப் பகுதியில் கோலா பிடிக்க ஆழ்கடல் செல்வோர்க்கு ஏழு மரம் பிணைத்த கோலாமரம் வேண்டும். கோலா மீன் பறக்கும் இயல்பினது. முட்டையிட மிதக்கும் தழையைத் தேடி வரும். முட்டையில் உள்ள நூல்போன்ற இழைகள் தழையில் சுற்றிக்கொள்ளும். இதை அறிந்த மீனவர் தழைக்கட்டுகளைக் கடலில் மிதக்கவிட்டு, கூடும் மீனைக் கைவலையால் அள்ளினர். இத்தொழிலைப் பற்றியும் கோலாவின் இனப்பெருக்கத்தைப் பற்றியும் 1923இல் ஹோர்னெல் தனிக் கட்டுரையே எழுதினார். சென்னை மாகாண மீன்பிடி முறைகளைப் பற்றிய அவரது பெருங்கட்டுரையின் முதற்பகுதி முழுதும் சோழமண்டலக் கரைக்கே உரியது.

பெருமீனுக்குத் தொழில் தொடங்குவோன் அறிய வேண்டியவை எவை என்று கேட்டால், இக்கரையின் பழைய தொழிலாளர் தரும் விடை ஓர் ஒழுங்கில் அமையும். முதலில் கரை, அதற்கேற்ற மரம். அடுத்து மீன், அதற்கேற்ற முள்ளும் கயிறும். இறுதியாகக் கை. சுறாவின் பல் கயிற்றை அறுக்கும். அதன் தோலும் அரம் போன்றது. ஆதலின் முள்ளை அடுத்துக் கம்பியோ சங்கிலியோ வேண்டும். வஞ்சிரத்துக்கும் பல் கூர்மை. அதற்கு மெல்லிய கம்பி போதும். சூரையின் கண் கூர்மை. அதற்குத் தடித்த கயிறு ஆகாது. பாய் விரித்து ஓடும்போது பின்னே இழுபட்டு வரும் தூண்டில், மேல்நீரில் விரையும் மீனுக்கு. ஈயம் கட்டி இறக்கும் தூண்டில், பாரில் கிடக்கும் மீனுக்கு. வரிசையாக முள் கட்டிய ஆயிரங்கால் தூண்டில், இரவெல்லாம் கிடக்க விடுவதற்கு.

நைலான் நரம்பு வருவதற்கு முன் எல்லாம் பருத்தியும் சணலும்தான். உப்புநீரில் அவை இற்றுப்போகாதிருக்கப் பட்டைச் சாயமும் பனிச்சங்காய்ச் சாறும் ஏற்றுவர். கயிற்றைச் சிக்கலின்றிச் சுருட்டி வைப்பதே தொடக்கக்காரனின் முதற்பாடம். பெருமீன் கவ்வி ஓடும்போது ஒரு சிக்கல் விரலையே கொண்டுபோகும். கவ்விய மீனை உடனே இழுக்கலாகாது. ஓட விட வேண்டும். இலேசான கட்டுமரம் மீனின் பின்னே இழுபடும். மரத்தின் பாரமே மீனைக் களைக்கச் செய்யும். களைத்தபின் அருகில் இழுத்து, தலையில் அடித்து அடக்கிய பிறகே மரத்தில் ஏற்றுவர். உயிருள்ள சுறாவைப் பக்கத்தடுப்பு இல்லாத மரத்தில் ஏற்றுவது சாவை ஏற்றுவதற்கு ஒப்பாகும். குறுந்தொகைத் தந்தையின் புண்ணை இவ்விடத்தில் நினைத்தால் அப்பாட்டின் பொருள் ஆழப்படும்.

வேட்டையும் விளையாட்டும்

ஹோர்னெல் தமிழகம் வருவதற்குப் பத்தாண்டு முன்னர், 1898இல், கலிபோர்னியாவை அடுத்த சாந்தா காட்டலினா தீவில் சார்லஸ் பிரெடரிக் ஹோல்டர் 183 பவுண்டு எடையுள்ள சூரை ஒன்றைக் கோலும் உருளையும் கொண்டு பிடித்தார். அதே ஆண்டில் அங்கே சூரைக் கழகம் ஒன்று தோன்றிற்று. எவ்வளவு மெல்லிய நூல், எத்தகைய கோல் என்பவற்றுக்கு விதிகள் வகுத்தனர். மீனுக்கும் தப்பும் வாய்ப்பு இருக்க வேண்டும் என்பதே அவ்விதிகளின் உள்ளக்கிடக்கை. செல்வர்கள் தாமாக ஏற்றுக்கொண்ட அந்தக் கட்டுப்பாட்டை நம் மீனவர் வறுமையாலும் கடலின் இயல்பாலும் ஏற்றிருந்தனர். அவர்க்கு எதிரில் இருந்த மீனும் தப்பலாம். அவர் தப்பாமலும் போகலாம்.

இலக்கிய அன்பர்கள் ஒன்றை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஹெமிங்வே 1934இல் வாங்கிய பிலார் என்னும் விசைப்படகில் உயர்ந்த கோல்களும் உருளைகளும் இருந்தன. ஆனால் 1952இல் அவர் வெளியிட்ட, கிழவனும் கடலும் என நாம் அறியும் குறுநாவலில், முதிய மீனவன் பெருமீனைக் கைக்கயிற்றால்தான் எதிர்கொள்கிறான். கயிறு அவன் முதுகையும் உள்ளங்கையையும் அறுக்கிறது. கதைக்கு உயிர் கொடுக்க வல்ல கருவி எது என்று அந்த எழுத்தாளர் அறிந்திருந்தார். அது மரக்காணத்துக் கரையிலும் நெடுங்காலம் புழங்கிய கருவி.

பிழையும் பெருமையும்

ஹோர்னெலின் கருத்து அனைத்தையும் நாம் ஏற்க வேண்டியதில்லை. மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் உள்ள பக்கமிதவைப் படகுகளைக் கண்ட அவர், பாலினீசிய இனத்தார் தென்னிந்தியக் கரைக்கு வந்து கலந்தனர் என்று 1920இல் எழுதினார். ஒரு படகின் வடிவைக் கொண்டு ஓர் இனத்தின் வரவை முடிவு செய்வது மிகையே. படகு கைமாறும், தொழில்நுட்பம் கடல் கடக்கும், அதற்கு மக்களே குடிபெயர வேண்டும் என்பதில்லை. மேலும் அவர் ஆட்சியாளரின் ஊழியர். முத்தும் சங்கும் அரசுக்கு வருவாய். மூழ்கியவர்க்குக் கிட்டியது சிறுபங்கே. அவர் ஏடுகளில் படகுகளின் வகைகள் நிறைந்துள்ள அளவுக்கு அவற்றை ஓட்டியவர்களின் பெயர்கள் இல்லை. கற்பித்தவர் பெயரின்றிக் கற்றவர் பெயர் மட்டும் நின்றது, அக்காலத்து ஆய்வின் பெருங்குறை.

ஆனால் அவர் கற்றார் என்பதை மறுக்க இயலாது. ஓய்வு பெற்ற 1924இலேயே பசிபிக் கடலாய்வுப் பயணமொன்றின் அறிவியல் தலைவராகப் புறப்பட்டார். ஹாடனுடன் இணைந்து பசிபிக் தீவுகளின் படகுகளைப் பற்றி 1936 முதல் 1938 வரை மூன்று தொகுதிகள் வெளியிட்டார். சியரா லியோன், மால்டா, பாலஸ்தீனம் எனப் பல நாடுகளின் மீன்தொழிலை ஆராய்ந்தார். நீர்வழிப் போக்குவரத்தின் தோற்றம் பற்றிய அவரது பெருநூல் 1946இல், அவர்தம் எண்பத்தோராம் அகவையில் வெளிவந்தது. 1949இல் மறைந்தார். பல கடல்களின் மீன்பிடியைப் பற்றிய இறுதி நூல் 1950இல், மறைவுக்குப் பின் வந்தது. உலகப் படகுகளை ஆராய்ந்த அந்நூல்களில் தமிழ்க் கட்டுமரத்துக்கு உரிய இடம் உண்டு.

நமக்குரிய கடமை

ஹோர்னெல் கண்ட கரை இன்று இல்லை. பருத்திக் கயிற்றின் இடத்தில் நைலான் வந்தது. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் கண்ணாடியிழைப் படகுகள் பெருகின, கட்டுமரங்கள் அருகின. உயிர் காக்கும் படகையும் உழைப்பைக் குறைக்கும் பொறியையும் வேண்டா என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. வேளா மீனோ அருகிப்போய், 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளது. பட்டினப்பாலைப் பரதவர் நட்ட கொம்பைக் கடலில் காண்பதே அரிதாயிற்று. இளைஞன் ஒருவன் இன்று பெருமீன் தொழிலில் இறங்கினால், எந்த மீனைப் பிடிக்கலாகாது என்பதையும் முள்ளைத் தெரிவு செய்வதற்கு முன்பே அறிந்திருக்க வேண்டும்.

கருவி போகும்போது சொல்லும் போகிறது. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றுக்குப் பெயர். நீவாடு என்று நீரோட்டத்துக்குப் பெயர். அணியம் என்று முகப்புக்குப் பெயர். பாடு என்று மீன்வரவுக்குப் பெயர். இவை அகராதிக்கு அழகு சேர்க்க வந்தவை அல்ல. ஒவ்வொன்றின் பின்னும் ஒருவர் உயிரைக் காத்த அறிவு இருக்கிறது. கடல் என்றவுடன் அலையையும் நிலவையும் மட்டும் எழுதிவிட்டு எழுந்துவிடும் கவிஞன், தன் மொழியின் பாதியைத் தொடாமலே விடுகிறான்.

விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் மரக்காணம் தொலைவன்று. கட்டுமரம் கட்டத் தெரிந்த முதியோர் இன்னும் கரையில் இருக்கும்போதே நாம் அவர்களிடம் செல்ல வேண்டும். பத்தாண்டு நிறைந்த நம் வட்டம் அடுத்த பத்தாண்டில் செய்யத்தக்க பணி இதுவாகலாம். அயலவர் ஒருவர் படகையும் கயிற்றையும் எழுதிச் சென்றார். அவற்றைச் செய்த கைகளின் பெயரையும், அந்தக் கைகள் வழங்கிய சொல்லையும், அவர்களது ஒப்புதலோடு எழுதி வைப்பது நமக்கு எஞ்சியிருக்கிறது.