அமைதி கண்ட அறிஞர்

பிற நாட்டாரைப் பற்றிக் கற்பதால் விளையும் பயன் யாது? பகைத்து நிற்போரிடையே அமைதி காண அக்கல்வி துணைபுரியும் என்பதைத் தம் வாழ்வால் விளக்கியவர் ரால்ப் பஞ்ச்.

இவர் அமெரிக்காவில் டெட்ராயிட் நகரில் எளிய கறுப்பினக் குடும்பம் ஒன்றில் தோன்றினார். 1917-ஆம் ஆண்டில் தாயை இழந்த இவரைப் பாட்டியார் லாஸ் ஏஞ்சலிஸ் நகருக்கு அழைத்துச் சென்று வளர்த்தார். நிறவேற்றுமை கொடிதாய் இருந்த காலம் அது. எனினும், பேரன் கல்வியில் எவருக்கும் பின்தங்கலாகாது என்பதில் அவ்வம்மையார் உறுதியாய் இருந்தார்.

பஞ்ச் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, நாடுகளுக்கிடையேயுள்ள உறவுகளைச் சிறப்புப் பாடமாகப் பயின்றார். விளையாட்டுத் திறமையால் உதவித்தொகை பெற்றார். துப்புரவுப் பணி செய்து பிற செலவுகளுக்குப் பொருள் தேடினார். 1927-இல் வகுப்பில் முதல்வராகத் தேறினார். ஹார்வர்டு பல்கலைக்கழகம் உதவித்தொகை வழங்கியது. அவ்வளவு தொலைவு சென்று படிக்க அது போதுமா? நகரின் கறுப்பின மக்கள் தங்களுக்குள் ஆயிரம் டாலர் திரட்டி இவர் கையில் அளித்தனர். அஃது அச்சமூகம் இவர்மீது வைத்த நம்பிக்கையின் அடையாளமாகும்.

அந்நம்பிக்கையைப் பஞ்ச் பொய்யாக்கவில்லை. நூல்களைக் கற்றதோடு அமையாமல் மேற்கு ஆப்பிரிக்கா சென்றார். டோகோலாந்து, தகோமி ஆகிய நாடுகளில் பிரெஞ்சு ஆட்சி நடைபெற்ற முறையை நேரில் ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சிக்காக 1934-இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

கற்ற கல்விக்குச் சோதனை 1948-இல் வந்தது. இஸ்ரேலுக்கும் அரபு நாடுகளுக்கும் போர் மூண்டிருந்தது. ஐக்கிய நாடுகள் சபையின் நடுவர் பெர்னடோட் செப்டம்பர் 17 அன்று எருசலேமில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்குத் துணையாயிருந்த பஞ்ச், உயிருக்கு அஞ்சி விலகாமல், அப்பெரும்பொறுப்பை ஏற்றார். 1949 சனவரியில் ரோட்சு தீவில் எகிப்தியரும் இஸ்ரேலியரும் கூடினர். ஒருவர் முகத்தை ஒருவர் காணவும் விரும்பாத நிலை. பஞ்ச் இரு திறத்தாரின் குறைகளையும் பொறுமையுடன் கேட்டார்; எளிய செய்திகளில் முதலில் உடன்பாடு கண்டு, அரியவற்றைப் பின்னர் எடுத்துக்கொண்டார். பிப்ரவரி 24 அன்று போர்நிறுத்த உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. லெபனான், யோர்தான், சிரியா ஆகியவையும் அவ்வாண்டிலேயே இஸ்ரேலுடன் உடன்படிக்கை செய்துகொண்டன. நிலையான அமைதி கிட்டாவிடினும் அன்றைய போர் ஓய்ந்தது.

1950-இல் பஞ்ச் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றார். கறுப்பினத்தவருள் நோபல் பரிசு பெற்ற முதல்வர் இவரே. ஆயினும், தலைநகர் வாஷிங்டனில் நிறவேற்றுமை நிலவியமையால், 1949-இல் அமெரிக்க அரசு அளிக்க முன்வந்த உயர்பதவியை இவர் ஏற்க மறுத்தார். 1965-இல், உடல்நலம் குன்றிய நிலையிலும், கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக மார்ட்டின் லூதர் கிங்குடன் நடந்தார். 1971 டிசம்பர் 9 அன்று மறைந்தார்.

தமக்கு நீதி மறுக்கப்பட்ட நாட்டில் பிறந்தும், பிறர் வழக்கை நடுவுநிலை பிறழாது கேட்டவர் பஞ்ச். கற்றதற்குத் தக நிற்றல் என்பது இதுவே அன்றோ!